கடவுச்சொல் யார் கையில்?

எங்கள் வீட்டு மடிக்கணினியில் தமிழ் தட்டச்சுக்கான மென்பொருள் ஒன்றை நிறுவ ஒருநாள் முயன்றேன். நான் அப்போது தரம் பத்து. கறுப்புத் திரையில் கட்டளையை எழுதி, கேட்ட இடத்தில் என் கடவுச்சொல்லைக் கொடுத்தேன். ஆங்கிலத்தில் ஒரு வரி வந்தது. அனுமதி பெற்றோர் பட்டியலில் உன் பெயர் இல்லை, இச்சம்பவம் முறையிடப்படும் என்பது அதன் பொருள். பெரிய குற்றம் செய்துவிட்டதாக நினைத்து, கணினியை மூடி அலுமாரிக்குள் வைத்துவிட்டேன். இரண்டு நாட்கள் அதைத் தொடவேயில்லை.

யாரிடம் முறையிடப்படும் என்று பிறகுதான் எங்கள் தகவல் தொடர்பாடல் தொழினுட்ப டீச்சரிடம் கேட்டேன். டீச்சர் சிரித்துவிட்டார். அந்தக் கணினி தனக்குள்ளேயே இருக்கும் ஒரு பதிவேட்டில் நான் முயன்ற நேரத்தைக் குறித்துவைக்கும், அவ்வளவுதான். அதை வாசிக்க வேண்டியவர் கணினியின் நிர்வாகி. எங்கள் கணினியின் நிர்வாகி என் நானா. அவர் கட்டாரில் இருந்தார்.

நானா வெளிநாடு போகுமுன் தன் பழைய மடிக்கணினியை எனக்கென்று விட்டுப் போனார். 2022 நெருக்கடிக்குப் பிந்திய காலம் அது. ஒரே வருடத்தில் டொலரின் விலை இருநூறு ரூபாவிலிருந்து முந்நூற்று அறுபதைத் தாண்டியிருந்ததால் புதிய கணினி பற்றிப் பேசவே முடியாது. அந்தப் பழைய இயந்திரத்தில் விண்டோஸ் ஊர்ந்து ஊர்ந்து நகர்ந்தது. எனவே அதன் பக்கத்தில் லினக்ஸின் இலகுவான வகைகளில் ஒன்றான சுபுண்டுவையும் நானா போட்டுத் தந்தார். நிர்வாகிக் கணக்கு அவர் பெயரில், சாதாரணக் கணக்கு என் பெயரில். நல்லெண்ணத்தில் செய்ததுதான். ஆனால் நம் ஊர்களில் எத்தனையோ வீடுகளில் இதே ஏற்பாடு இருப்பதைத் தோழியருடன் பேசியபோது அறிந்தேன். கணினி மகளுக்கு, கடவுச்சொல் மகனுக்கு. இந்த ஏற்பாடு மாற வேண்டும் என்பதே இக்கட்டுரையில் நான் சொல்ல வருவது.

லினக்ஸ் என்பது நம் பாடப்புத்தகம் பணிசெயல் முறைமை என்று சொல்லும் வகையைச் சேர்ந்தது. 1991இல் பின்லாந்தின் ஹெல்சிங்கி பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற இருபத்தொரு வயது மாணவர் அதன் கருவை எழுதத் தொடங்கினார். பொழுதுபோக்காகச் செய்கிறேன், உங்களுக்கு இதில் என்னென்ன வேண்டும் என்று முன்பின் தெரியாதவர்களிடம் கேட்டுத்தான் அதை அறிமுகப்படுத்தினார். இன்று நம் கையிலுள்ள அண்ட்ரொயிட் கைபேசியின் அடியில் இருப்பதும் அதே கரு. உலகின் மிக வேகமான ஐந்நூறு கணினிகளின் பட்டியலில் உள்ள அனைத்தும் 2017 முதல் லினக்ஸில்தான் இயங்குகின்றன.

இவ்வளவு பெரிய விடயத்தில் நமக்கு வரும் சந்தேகங்கள் மிகச் சிறியவை. கேட்க வெட்கப்பட்டு நான் மனதுக்குள் வைத்திருந்த சிலவற்றை இங்கே எழுதுகிறேன். இன்னொருத்திக்கு உதவும்.

கறுப்புத் திரையில் கடவுச்சொல்லைத் தட்டும்போது ஓர் எழுத்தோ புள்ளியோ தெரிவதில்லையே, விசைப்பலகை பழுதா? இல்லை. எத்தனை எழுத்து என்பதுகூடப் பக்கத்தில் நிற்பவருக்குத் தெரியக்கூடாது என்பதற்காக அப்படி மறைக்கிறது. நம்பித் தட்டிவிட்டு என்டரை அழுத்தினால் போதும்.

சீ டிரைவ், டீ டிரைவ் எங்கே? லினக்ஸில் அந்தப் பெயர்கள் இல்லை. எல்லாம் ஒரே மரத்தின் கிளைகள். அதில் ஹோம் என்ற கிளையில் ஒவ்வொருவருக்கும் ஒரு சொந்த வீடு உண்டு. நம் கோப்புகள் அங்கே இருக்கும்.

ஆங்கிலப் பெரிய எழுத்தில் பெயரிட்ட கோப்பைச் சிறிய எழுத்தில் கேட்டால் ஏன் இல்லை என்கிறது? லினக்ஸுக்கு அவை இரண்டும் வெவ்வேறு பெயர்கள்.

வைஃபை ஏன் வேலை செய்யவில்லை? சில வைஃபை சில்லுகளுக்கு உற்பத்தியாளர் தரும் தனி இயக்கி மென்பொருள் தேவை. அதை இறக்க இணையம் வேண்டும், இணையத்துக்கு வைஃபை வேண்டும். இந்தச் சுழலில்தான் பலர் மனம் வெறுத்துப் போகிறார்கள். கைபேசியைச் சார்ஜர் வயரால் கணினியுடன் இணைத்து, யூஎஸ்பி வழியாக இணையத்தைப் பகிரும் தெரிவை அழுத்தினால் வழி பிறக்கும்.

நேரம் ஏன் பிழைக்கிறது? இது எங்கள் வீட்டில் பெரிய பிரச்சினையானது. வாப்பா அஸர் தொழுதுவிட்டு வந்து பார்த்தால், விண்டோஸ் காலை பத்து மணி என்றது. கணினிக்குள் சிறு பற்றரியில் ஓடும் ஒரு கடிகாரம் உண்டு. லினக்ஸ் அதில் உலகப் பொது நேரத்தை வைக்கும். விண்டோஸ் அதையே உள்ளூர் நேரம் என்று நினைக்கும். இலங்கை நேரத்துக்கும் பொது நேரத்துக்கும் இடையே உள்ள ஐந்தரை மணித்தியாலம் அங்கே காணாமல் போகிறது. லினக்ஸில் ஒரே வரிக் கட்டளையால் இதைச் சரிசெய்யலாம்.

தமிழ் ஏன் ஆங்கில எழுத்துகளாகத் தெரிகிறது? அந்தக் கோப்பு பாமினி எழுத்துருவில் தட்டச்சானது. பாமினி ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்திருக்கிறது. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் முகமூடி கழன்றுவிடும். யுனிகோடில் தட்டச்சு செய்தால் இந்தத் தொல்லை இல்லை. இலங்கைத் தர நியமமான ரெங்கநாதன் விசைப்பலகை முறையும், தமிழ்நாட்டின் தமிழ் 99 முறையும் லினக்ஸுக்கு இலவசமாகக் கிடைக்கின்றன.

நான் அன்று நிறுவ முயன்றது இந்த ரெங்கநாதன் முறையைத்தான். தமிழ் இலக்கிய மன்றக் கூட்டறிக்கையைத் தட்டச்சு செய்ய வேண்டியிருந்தது. மேலே சொன்ன கேள்விகளில் சிலவற்றுக்கு விடை தெரிந்தால் மட்டும் போதும். வைஃபை இயக்கி, நேரம், தமிழ் விசைப்பலகை போன்றவற்றுக்கோ விடை தெரிந்தாலும் நிர்வாகியின் கடவுச்சொல் இன்றி எதுவும் நடக்காது. கற்றதைச் செய்துபார்க்க முடியாத இடத்தில் மேலும் கேட்கும் ஆசையே அற்றுப்போகிறது. எனக்கு அப்படித்தான் ஆகியிருக்கும்.

நானாவிடம் வட்ஸ்அப்பில் கேட்டேன். “உனக்கு அது எதுக்கு? ஏதாச்சும் கொழப்பிப் போட்டுருவா. நான் லீவுல வந்து செஞ்சி தாரன்” என்றார். அவருடைய லீவுக்கு ஒன்றரை வருடம் இருந்தது.

இந்தப் பதில் எங்கள் வீட்டுக்கு மட்டும் உரியதல்ல. 2002ஆம் ஆண்டில் வெல் ஹென்சன் என்ற அமெரிக்கப் பெண் நிரலாளர், லினக்ஸில் பெண்களை எப்படி ஊக்குவிப்பது என்று ஒரு வழிகாட்டி எழுதினார். அதிலுள்ள அறிவுரைகளில் ஒன்று மிக எளிமையானது: உதவி கேட்கும் பெண்ணிடமிருந்து விசைப்பலகையைப் பறித்து நீங்களே செய்து முடித்துவிடாதீர்கள். 1998இல் தொடங்கிய லினக்ஸ்சிக்ஸ் என்ற பெண்கள் அமைப்பிலும் இரண்டே விதிகள்தான் இருந்தன. பண்பாக இரு, உதவியாக இரு. அமெரிக்காவிலும் சகோதரர்கள் நம் நானாமார் போலத்தான் இருந்திருக்கிறார்கள் போலும்!

பெற்றோரின் அச்சம் எனக்குப் புரிகிறது. கடவுச்சொல்லைக் கொடுத்தால் பிள்ளை கண்டதையும் பார்ப்பாளோ என்பதே அது. இங்கே ஓர் உண்மையைச் சொல்ல வேண்டும். இணையத்தில் நுழைவதற்கு நிர்வாகியின் கடவுச்சொல் தேவையே இல்லை. சாதாரணக் கணக்கிலும் இணைய உலாவி திறக்கும், யூடியூப் ஓடும். அந்தக் கடவுச்சொல் தடுப்பது மென்பொருள் நிறுவுவதை, பழுது பார்ப்பதை, கற்றுக்கொள்வதை. பிள்ளை என்ன பார்க்கிறாள் என்பதற்குக் கணினியைக் கூடத்தில் வைப்பதும், அவளோடு பேசுவதும்தான் மருந்து. தீமையின் கதவைத் திறந்துவைத்துவிட்டு அறிவின் கதவை மட்டும் பூட்டுகிறோம்.

இன்னொரு விடயத்தையும் பெற்றோர் யோசிக்க வேண்டும். பிள்ளைக்குத் தெரியாவிட்டால் கணினி கடைக்குப் போகும். மடுல்கெல்லயிலிருந்து பன்வில, வத்தேகம வழியாகக் கண்டிக்குப் பஸ் ஏறி, கணினியைக் கொடுத்துவிட்டுத் திரும்ப ஒரு நாள், எடுத்துவர இன்னொரு நாள். காசும் நேரமும் போகட்டும். அந்தக் கணினிக்குள் என்ன இருக்கிறது? நம் வீட்டுக் கல்யாணப் படங்கள், உம்மாவும் தங்கைமாரும் வீட்டு உடையில் நிற்கும் படங்கள். வீதியில் அவ்வளவு பேணும் நாம், அவற்றையெல்லாம் முன்பின் தெரியாத ஒருவர் கையில் இரண்டு நாட்களுக்கு ஒப்படைக்கிறோம். கடைக்காரர்களைச் சந்தேகிக்க நான் சொல்லவில்லை. நம் வீட்டுக் கணினியை நம் வீட்டுப் பெண்பிள்ளையே திருத்தினால், அதைவிடப் பாதுகாப்பு வேறு உண்டா?

மார்க்கமும் நம்மைக் கேட்கத்தான் சொல்கிறது. மார்க்கத்தை விளங்கிக்கொள்ள வெட்கம் தடையாக இருக்கவில்லை என்று மதீனத்து அன்ஸாரிப் பெண்களை அன்னை ஆயிஷா ரழியல்லாஹு அன்ஹா பாராட்டியதை நாம் ஹதீஸில் படித்திருக்கிறோம். மிக அந்தரங்கமான சட்டங்களையே நேரில் கேட்டுத் தெளிந்தவர்கள் அவர்கள். நாமோ வைஃபை ஏன் வரவில்லை என்று கேட்கவே கூசுகிறோம்.

மற்றொரு புறம் ஹலாலான உழைப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். விலை கொடுத்து வாங்க வேண்டிய மென்பொருளைத் திருட்டுப் பிரதியாகப் போட்டுக்கொள்வது நமக்குச் சர்வசாதாரணமாகிவிட்டது. லினக்ஸைப் பிரதி எடுக்கவும், மாற்றவும், தோழிக்குக் கொடுக்கவும் எழுதியவர்களே அனுமதி தந்திருக்கிறார்கள். விண்டோஸ் 10க்கான வழமையான பாதுகாப்பு இற்றைப்படுத்தல்கள் 2025 ஒக்டோபர் 14உடன் நின்றுவிட்டன. விண்டோஸ் 11ஐ ஏற்காத பழைய கணினிகள் நம் வீடுகளில் நிறைய இருக்கின்றன. அவற்றை எறிந்துவிடத் தேவையில்லை.

இது அந்நியருடைய விடயம் என்றும் எண்ண வேண்டாம். பேராதனைப் பல்கலைக்கழகத்துக்குப் பின்னால் நிற்கும் ஹந்தானை மலையின் பெயரிலேயே இலங்கையர் ஒரு லினக்ஸ் வெளியிட்டார்கள். 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு, காணாமல் போனோரையும் முகாம்களையும் நிவாரணப் பொருட்களையும் பதிவுசெய்ய இந்நாட்டின் தொண்டர்கள் சஹன என்ற திறந்த மென்பொருளை உருவாக்கினார்கள். சஹன என்றால் சிங்களத்தில் நிவாரணம். அடுத்த ஆண்டு பாகிஸ்தான் பூகம்பத்திலும் அது உதவியது. 2006ஆம் ஆண்டுக்கான சமூகப் பயன்பாட்டு விருதைச் சுதந்திர மென்பொருள் அறக்கட்டளை அதற்கு வழங்கியது. அதை எழுதியவர்களும் ஒரு நாள் முதல் கேள்வியைக் கேட்டவர்கள்தாம்.

எங்கள் வீட்டுக் கதையை முடித்துவிடுகிறேன். நானா மறுத்ததை வாப்பா கேட்டுக்கொண்டிருந்தார். வீட்டோடு சேர்ந்த எங்கள் சில்லறைக் கடையின் கல்லாப்பெட்டிச் சாவியை, ஜும்ஆவுக்குப் போகும்போது அவர் என்னிடம்தான் தந்துவிட்டுப் போவார். கைபேசியை வாங்கி, “கல்லாச் சாவியே புள்ளட கையிலதான். இது என்ன அதவிடப் பெரிய சாவியா? குடுத்துரு” என்றார். அன்றிரவே கடவுச்சொல் வந்தது.

முதல் வேலையாக நிர்வாகிக் கட்டளையைக் கொடுத்தபோது லினக்ஸ் ஒரு சிறு உபதேசம் செய்தது. பிறர் அந்தரங்கத்தை மதி, தட்டுமுன் யோசி, அதிகாரத்தோடு பொறுப்பும் வருகிறது என்ற கருத்தில் மூன்று விடயங்கள். அமானிதம் என்று நாம் சொல்வது இதைத்தான். அந்தப் பொறுப்பை நான் ஒரு முறை மீறினேன். எங்கோ கண்ட ஒரு கட்டளையை விளங்காமல் தட்டி, கணினி திறக்காமல் போய்விட்டது. டீச்சரின் உதவியோடு இரண்டு மாலைகள் இருந்து மீண்டும் நிறுவினேன். பாடக் குறிப்புகளை முன்பே பென் டிரைவில் பிரதி எடுத்திருந்ததால் தப்பினேன். ஆம், நானா சொன்னது போலக் கொழப்பித்தான் போட்டேன். ஆனால் அந்த இரண்டு மாலைகளில் கற்றதை எந்தப் பரீட்சைக்கும் அவ்வளவு ஆழமாக நான் கற்றதில்லை.

தோழியரே, விளங்காத கட்டளையைத் தட்டாதீர்கள், முக்கியமானவற்றுக்குப் பிரதி எடுத்து வையுங்கள், வெட்கப்படாமல் கேளுங்கள். பெற்றோரே, இன்றிரவு உங்கள் வீட்டுக் கணினியின் நிர்வாகி யார் என்று விசாரித்துப் பாருங்கள். அதைத் தினமும் பயன்படுத்துபவள் உங்கள் மகள் என்றால், கடவுச்சொல்லை அவளிடம் கொடுங்கள். ஒரு நாள் அவள் குழப்பிவிட்டால், அவளே திருத்தும்வரை கொஞ்சம் பொறுத்திருங்கள்.

நானா சென்ற வருடம் லீவில் வந்தார். கட்டாரில் வாங்கிய தன் மடிக்கணினியில் வைஃபை வரவில்லை என்று என்னிடம்தான் கொண்டுவந்தார். விசைப்பலகையை நான் வாங்கவில்லை. பக்கத்தில் இருந்து சொல்லிக் கொடுத்தேன், அவரே செய்தார்.