ஆட்டத்தில் லாபம் யாருக்கு?

செட்டிநாட்டுக் கானாடுகாத்தான் வீதிகளில் நிற்கும் பெரிய வீடுகள், துணிந்து பணம் போட்டவர்கள் கட்டியவை. பர்மாவுக்கும் மலேயாவுக்கும் தொழில் செய்ய, செட்டியார்கள் மொழியில் 'கொண்டுவிக்க', போனவர்கள் பெரும் நஷ்டத்தையும் பார்த்தவர்கள்தாம். ஆனால் பெட்டியடிப் பையனாகத் தொழில் பழகச் சேர்ந்த நாள் முதல் பற்று எது, வரவு எது என்று பேரேட்டில் எழுதப் பழகியவர்கள். நள்ளிரவில் செல்பேசியில் ரம்மி ஆடிய இளைஞனுக்கு அப்படியொரு பேரேடு இருந்ததில்லை. அவன் கணக்கு முழுவதும் ஆட்டம் நடத்திய நிறுவனத்திடம் இருந்தது.

சூதாட்டச் சட்டத்தின் வரலாற்றில் இந்த ஊருக்கும் ஓர் இடம் உண்டு. இவ்வூர் ராஜா சர் அண்ணாமலை செட்டியாரின் பேரன் எம்.ஏ.எம். ராமசாமி, இந்தியக் குதிரைப் பந்தய உலகின் பெரும் புள்ளியாக இருந்தவர். அந்தப் பந்தயத்தை ஒழிக்கத் தமிழக அரசு 1974-இல் சட்டம் கொண்டுவந்தது. நெடுங்காலம் இழுத்த வழக்கில் 1996-இல் உச்ச நீதிமன்றம், குதிரைப் பந்தயம் திறமை சார்ந்தது, சூதாட்டம் ஆகாது என்றது. ஆன்லைன் ரம்மி நிறுவனங்கள் இன்று கையில் பிடித்திருக்கும் கேடயங்களில் ஒன்று அந்தத் தீர்ப்பு. இன்னொன்று, ரம்மியில் திறமையே மேலோங்குகிறது என்ற, அதே நீதிமன்றத்தின் 1967-ஆம் ஆண்டுத் தீர்ப்பு.

அவர்களின் வாதம் எளியது. சூதாட்டம் அரசியல் சாசனம் காக்கும் தொழில் அல்ல என்று உச்ச நீதிமன்றம் 1957-லேயே சமர்பாக்வாலா வழக்கில் சொல்லிவிட்டது. ஆனால் ரம்மி சூதாட்டமே இல்லையே, பிறகு எப்படித் தடுக்கலாம் என்கிறார்கள். இந்த வாதத்தில்தான் தமிழக அரசின் முதல் தடைச் சட்டம் 2021 ஆகஸ்டில் சென்னை உயர் நீதிமன்றத்தில் வீழ்ந்தது. இதை ஆராய்ந்த நீதிபதி சந்துரு குழுவின் அறிக்கைக்குப் பின் 2022-இல் நிறைவேறிய இரண்டாவது சட்டத்தை ஆளுநர் திருப்பி அனுப்பினார். பேரவை மறுபடி நிறைவேற்றி, 2023 ஏப்ரலில்தான் ஒப்புதல் கிடைத்தது. அதே ஆண்டு நவம்பரில் உயர் நீதிமன்றம் சட்டத்தை ஏற்றுக்கொண்டாலும், ரம்மியையும் போக்கரையும் அதிர்ஷ்ட ஆட்டங்களாகச் சேர்த்த பட்டியலை நீக்கிவிட்டது. நம் பார்வையில் அந்த நீக்கம் தவறு.

ஏன் தவறு என்பதற்கான காரணம் 1967-ஆம் ஆண்டுத் தீர்ப்பிலேயே இருக்கிறது. அந்த வழக்கு செகந்திராபாத்தில் உறுப்பினர்கள் கூடிச் சீட்டாடிய ஒரு மன்றத்தைப் பற்றியது. ரம்மிக்கு நினைவாற்றலும் திறமையும் வேண்டும் என்று சொன்ன அதே நீதிபதிகள், ஆட்டம் நடத்துபவர் பணயம் வைத்த ஆட்டத்திலிருந்து லாபம் எடுத்தால் அது குற்றமாகலாம் என்றும் எழுதினார்கள். நிறுவனங்கள் முதல் பாதியை மட்டும் நீதிமன்றத்துக்கு நீதிமன்றம் எடுத்துச் செல்கின்றன. செல்பேசி ரம்மியில் யார் ஜெயித்தாலும் ஒவ்வொரு கைக்கும் கமிஷன் எடுத்தது நிறுவனம்தான். மன்றத்து மேசையில் எதிரே உட்கார்ந்தவரின் முகம் தெரியும், ஒரு நேரத்தில் கதவைச் சாத்துவார்கள், தோற்றவனிடம் 'போதும், வீட்டுக்குப் போ' என்று சொல்ல ஓர் ஆளாவது இருப்பார். செயலியில் எதிராளி ஒரு பெயர் மட்டுமே. அது தானாகக் கதவைச் சாத்தியதே இல்லை. தோற்று வெளியேறியவனைச் செயலி போனஸ் காட்டி மறுநாள் காலையில் திரும்பக் கூப்பிட்டது.

வயது வந்தவன் தன் பணத்தைத் தன் விருப்பப்படி செலவிடுகிறான், அரசுக்கு என்ன என்ற கேள்வி மதிக்கத்தக்கது. அதனால்தான் கட்டுப்பாடு அளவோடு இருக்க வேண்டும் என்கிறோம். தமிழகச் சட்டத்தின்படி நள்ளிரவு 12 முதல் காலை 5 வரை ஆட்டத்தை நிறுத்துவதும், ஆதார் மூலம் ஆளைச் சரிபார்ப்பதும் அப்படிப்பட்ட அளவான விதிகளே. பொதுநலன் கருதித் தொழிலுரிமைக்கு நியாயமான வரம்பு வைக்கலாம் என்று அரசியல் சாசனத்தின் பிரிவு 19(6) வெளிப்படையாகவே சொல்கிறது. 2025 ஜூனில் உயர் நீதிமன்றம் இந்த விதிகள் செல்லும் என்று அறிவித்தது சரியான தீர்ப்பு.

பிறகு 2025 ஆகஸ்டில், நாடாளுமன்றம் இரண்டே நாளில் பணம் வைத்து ஆடும் எல்லா ஆன்லைன் ஆட்டங்களையும், திறமையானாலும் அதிர்ஷ்டமானாலும், தடைசெய்தது. அதற்கு எதிரான வழக்குகளை உச்ச நீதிமன்றம் செப்டம்பரில் தன்னிடம் மாற்றிக்கொண்டது. திறமையா அதிர்ஷ்டமா என்ற கோட்டை அழித்ததை வரவேற்கிறோம். ஆனால் பந்தயமும் சூதாட்டமும் ஏழாவது அட்டவணையின் மாநிலப் பட்டியலில், 34-ஆவது இனமாக இருப்பவை. பேரவையில் இருமுறை நிறைவேற்றிப் போராடிப் பெற்ற ஒரு மாநிலச் சட்டத்தை ஒன்றியச் சட்டம் விழுங்கிவிடாமல் நீதிமன்றம் பார்த்துக்கொள்ள வேண்டும்.

திறமைதான் ஜெயிக்கிறது என்று உறுதியாகச் சொல்லும் நிறுவனங்கள் தங்கள் ஐந்தொகைக் கணக்கை உச்ச நீதிமன்றத்தின் முன் வைக்கட்டும். ஓர் ஆண்டில் ஆடியவர்களில் எத்தனை பேர் போட்ட பணத்துக்கு மேல் எடுத்தார்கள், எத்தனை பேர் இழந்தார்கள், கமிஷனாக நிறுவனம் எடுத்தது எவ்வளவு? இந்த மூன்று எண்களையும் கேட்டு வாங்காமல் ரம்மி திறமை ஆட்டமா என்ற கேள்விக்குத் தீர்ப்பு எழுதக் கூடாது.