கறுப்புப் பிள்ளைக்கு மஞ்சள் எடுக்காதாம்!



பெருநாள் உடுப்பு வாங்கும் காலம் வந்துவிட்டது. இனி ஒரு மாதத்துக்குக் கடைத்தெருவில் ஒரே வசனம்தான்: "இது உங்கட மகன்ட கலருக்கு எடுக்காது, இதப் பாருங்க." சொல்வது கடைத் தம்பி. தலையாட்டுவது உம்மா. கூட வந்த சாச்சியும் மாமியும் ஆமாம் போடுவார்கள். நடுவில் நிற்கும் 12 வயதுப் பிள்ளையிடம் யாரும் எதுவும் கேட்பதில்லை. அவன் ஆசையாக எடுத்த மஞ்சள் ஷேர்ட் திரும்பவும் றாக்கைக்குப் போய்விடும். வீட்டுக்கு வருவது ஒரு மங்கிய பிஸ்கட் கலர்.

இந்த வசனம் என்ன செய்கிறது என்பதை ஆசிரியர்களாகிய நாங்கள் பாடசாலையில் காண்கிறோம். இல்ல விளையாட்டுப் போட்டிக்குப் பெயர் பிரித்தால், மஞ்சள் இல்லம் கிடைத்த பையன்களில் ஒருவனாவது தனியாக வந்து, "சேர், என்னப் பச்சைக்கு மாத்துங்க" என்று கெஞ்சுவான். காரணம் கேட்டால் நிலத்தைப் பார்ப்பான். மஞ்சள் போட்டால் இன்னும் கறுப்பாகத் தெரியுமாம், கூட்டாளிமார் சிரிப்பார்களாம். 100 மீற்றரில் எல்லோரையும் முந்தி ஓடக்கூடிய பிள்ளை அவன். ஒரு டீசேர்ட்டுக்குப் பயப்படுகிறான். இந்தப் பயத்தை அவனுக்குப் பாடப் புத்தகம் கொடுக்கவில்லை, நம்ம ஊர் கொடுத்தது.

முதலில், அந்த வசனமே பொய். உடுப்புக்கும் தோலுக்கும் இடையில் வித்தியாசம் இருந்தால் இரண்டும் துலங்கும். கறுத்த தோலுக்கு வெள்ளை, கடும் மஞ்சள், மயில் நீலம் எல்லாம் அவ்வளவு அழகாக எடுக்கும். எடுபடாமல் போவது, தோலோடு தோலாகக் கரைந்துபோகிற மங்கல் கலர்கள்தான். அதாவது, "உங்கட மகனுக்கு இதுதான் சரி" என்று கட்டிக் கொடுக்கிறீர்களே, அந்த பிஸ்கட் கலர்! கடும் மஞ்சள் போட்டால் முகம் சோர்ந்து தெரிவது பெரும்பாலும் வெளுத்த தோலுக்குத்தான். அவர்களிடம் மட்டும் யாரும் "எடுக்காது" என்று சொல்வதில்லை. அப்படியென்றால் இது கலர் பொருத்தம் பற்றிய பேச்சே இல்லை. கறுத்த பிள்ளை கண்ணில் படக் கூடாது, அவ்வளவுதான்.

வாலிபர்கள் இப்போது வேறொன்றைப் பிடித்திருக்கிறார்கள். மணிக்கட்டு நரம்பு பச்சையா நீலமா என்று பார்த்து, "நான் ஓட்டம், நீ வின்டர்" என்கிறார்கள். இந்தப் பருவக் கணக்கை உலகமெல்லாம் பரப்பியது 1980இல் கரோல் ஜாக்சன் என்ற அமெரிக்கப் பெண்மணி எழுதிய 'கலர் மீ பியூட்டிஃபுல்' என்ற புத்தகம். அது அமெரிக்கப் பெண்களுக்காக எழுதப்பட்டது. நமக்குத் தெரிந்ததெல்லாம் கச்சான் காற்றும் மாரி மழையும்தான். மருதமுனைத் தறியில் சாரன் நெய்கிறவர் கறுத்தவருக்கு ஒன்று, வெளுத்தவருக்கு ஒன்று என்று நெய்வதில்லை. நம் பிள்ளைகள் கிழமையில் ஐந்து நாள் வெள்ளைச் சீருடையில் வருகிறார்கள். எந்தப் பிள்ளைக்கும் அது எடுக்காமல் போனதை நாங்கள் கண்டதில்லை.

மார்க்கத்தைப் பார்ப்போமா? நபி (ஸல்) அவர்கள் வெள்ளை உடையை விரும்பிச் சொன்னார்கள். பச்சை அணிந்ததும், சிவப்பு மேலாடை அணிந்ததும், மக்கா வெற்றி நாளில் கறுப்புத் தலைப்பாகை அணிந்திருந்ததும் ஹதீஸ்களில் வந்திருக்கின்றன. "ஆண்கள் குசும்பச் சாயம் போட்ட உடுப்பு அணியக் கூடாதே சேர்?" என்று கீழே யாராவது எழுதுவீர்கள். ஆம், முஸ்லிமில் அந்த ஹதீஸ் இருக்கிறது. அது அந்தச் சாயத்தைப் பற்றியது, அதிலும் உலமாக்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. அணிகிறவரின் தோலைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. நிறங்கள் வேறுபட்டிருப்பதை அல்லாஹ் தன் அத்தாட்சி என்கிறான் (அர்ரூம் 22). குத்பாவில் பிலால் (ரழி) அவர்களின் வரலாறு கேட்டுக் கண் கலங்குகிறோம். பள்ளிவாசலால் வெளியே வந்து செருப்பை மாட்டும்போதே, "அந்தக் கறுவல் யார்ட மகன்?" என்று கேட்கிறோம்.

வியாபாரிகளை மட்டும் ஏசி முடிக்க ஏலாது. வாடிக்கையாளர் கேட்க விரும்புவதைத்தான் அவர்கள் சொல்கிறார்கள். ஆனால் ஷேர்ட்டில் தொடங்குவது கிறீமில் போய் நிற்கிறது. சாதாரண தர வகுப்புப் பையன்களின் பைக்குள் லேபல் இல்லாத வெள்ளையாக்கும் கிறீம் டப்பிகள் இருக்கின்றன. இப்படியான கிறீம்களில் பாதரசம் கலந்திருப்பது பல நாடுகளில் பிடிபட்டிருக்கிறது. அது சிறுநீரகத்தைத் தாக்கும். (பெண் பிள்ளைகள் படும் பாடு இதைவிடக் கொடுமை, அதற்குத் தனிப் பதிவு போட வேண்டும்.)

வாப்பாமாரே, உம்மாமாரே, கடைக்குப் போனால் பிள்ளையை முதலில் எடுக்க விடுங்கள். கடையின் லைட்டில் பார்த்துத் தீர்மானிக்க வேண்டாம், அதில் கலர் மாறித் தெரியும். வாசலுக்குக் கொண்டுபோய் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். தோள் அளவு சரியா, துணி வெயிலுக்குத் தாங்குமா என்று பாருங்கள். விலையில் பேரம் பேசுங்கள், நன்றாகவே பேசுங்கள். பிள்ளையின் தோலைப் பற்றிக் கடைக்காரரோடு பேச வேண்டாம், அதுவும் அவன் நிற்கும்போது.

பெருநாள் லீவு முடிந்ததும் இல்லம் பிரிப்போம். மஞ்சளிலிருந்து மாற்றச் சொல்லிக் கடிதம் எழுதிப் பிள்ளையிடம் கொடுத்தனுப்ப வேண்டாம். மாற்ற மாட்டோம்.