விசிறியில் வீணாகும் மின்சாரம்

அரியலூர் மாவட்டம் கீழப்பழுவூர் வட்டாரத்துச் சிமென்ட் ஆலைகளில் ராட்சத விசிறிகள் இரவு பகலாகச் சுழல்கின்றன. காற்றைக் குறைக்க, மோட்டாரை முழு வேகத்தில் ஓடவிட்டுத் தடுப்புத் தகட்டைப் பாதி மூடுவது பழைய முறை. அதில் மின்சாரம் வீண்.

விஎஃப்டி என்ற மின்னணுப் பெட்டி மோட்டாரின் வேகத்தையே குறைக்கிறது. வேகம் 80 விழுக்காடானால் விசிறிக்குத் தேவையான மின்திறன் ஏறத்தாழ 51 விழுக்காடாக இறங்கிவிடும். மின்சாரக் காரின் மோட்டாரை இயக்குவதும் இதே நுட்பம்தான். சிலிக்கான் கார்பைடு சில்லுகள் வந்தபின் பெட்டி சுருங்கியது. வெப்ப இழப்பும் குறைந்தது.

2012-இல் தொடங்கிய மத்திய அரசின் 'பாட்' (PAT) திட்டம் பெரிய சிமென்ட் ஆலைகளுக்கு எரிசக்திச் சிக்கன இலக்கு விதித்தது. சிறு தொழிற்கூடங்கள் அதில் வரவில்லை.

அவற்றுக்கு விஎஃப்டி வாங்க மானியக் கடன் வேண்டும். தூசியிலும் வெப்பத்திலும் பழுதாகும் பெட்டிகளைச் சீராக்க, அரியலூர், பெரம்பலூர் ஐடிஐ மாணவர்களுக்குப் பயிற்சி வேண்டும். இரண்டையும் தமிழக அரசு தள்ளிப்போடக் கூடாது.