முதலில் பேருந்து வரட்டும்

"மாற்றம் உங்களிடமிருந்து தொடங்கட்டும்." ஜூன் 5, சுற்றுச்சூழல் தினம் வந்துவிட்டால் இந்த வாசகம் பதாகையில் ஏறிவிடுகிறது. பள்ளி விழாவிலும் சரி, குடியிருப்போர் நலச் சங்கக் கூட்டத்திலும் சரி, சிறப்பு விருந்தினர் இதையேதான் முக்கால் மணி நேரம் பேசுகிறார். பைக்கை வீட்டிலேயே விடுங்கள், பேருந்தில் போங்கள், கடைக்கு நடந்து போங்கள், முடிந்தால் மின்சார வண்டி வாங்குங்கள், சுற்றுலா போனால் பொறுப்போடு போங்கள், பூமி பிழைத்துவிடும் என்கிறார். பேசி முடித்துப் பொன்னாடையோடு காரில் ஏறிப் போய்விடுகிறார். வருடக்கணக்காகக் கேட்டுச் சலித்த பேச்சு இது. ஊருக்கு இளைத்தவன் பிள்ளையார் கோயில் ஆண்டி என்பதுபோல, உலகத்தையே சூடாக்கிய பழியை ஸ்கூட்டரில் வேலைக்குப் போகிறவன் தலையில் இறக்குகிற பேச்சு.

கணக்கைப் பார்ப்போம். ஓர் இந்தியர் ஓராண்டில் வெளியிடும் கரியமில வாயு சராசரியாக இரண்டு டன் அளவுதான். அமெரிக்கர் ஏறக்குறைய ஏழு மடங்கு வெளியிடுகிறார். அந்த இரண்டு டன் சராசரியிலும் மாதம் நாலு முறை விமானம் ஏறுகிறவர்கள் சேர்த்தி. அவர்களைக் கழித்துவிட்டால் தென்சென்னைப் புறநகரான எங்கள் செம்பாக்கத்தில் வாடகை வீட்டில் இருக்கும் குடும்பத்தின் பங்கு இன்னும் சுருங்கும். ஒவ்வொருவரும் தன் கார்பன் தடத்தைக் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும் என்ற பழக்கத்தை உலகமெங்கும் பரப்பியதில் பெரும்பங்கு பிபி என்ற எண்ணெய் நிறுவனத்துக்கு உண்டு. 2004இல் அதற்கான கணிப்பானை இணையத்தில் வைத்தது, பெரும் செலவில் விளம்பரமும் செய்தது. எண்ணெயை விற்றவன், வாங்கியவனிடம் கணக்குக் கேட்டான். நம் மேடைகள் அந்தக் கேள்வியைத்தான் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கின்றன.

மின்சார வண்டியைப் பற்றி அதிகம் பேச ஒன்றுமில்லை. நம் நாட்டு மின்சாரத்தின் பெரும்பகுதி இன்னும் நிலக்கரியிலிருந்துதான் வருகிறது. எதில் ஓடும் வண்டியானாலும் கேம்ப் ரோடு சந்திப்பில் அதே நெரிசலில்தான் நிற்க வேண்டும்.

என்னை உறுத்துவது, பேருந்தில் போகச் சொல்லும் அறிவுரை. சொல்கிறவர்கள் ஒரு நாளாவது காலை எட்டு மணிக்குத் தாம்பரம்–வேளச்சேரி சாலையில், காமராஜபுரம் நிறுத்தத்தில் நின்றிருப்பார்களா? செம்பாக்கத்துக்கென்று ரயில் நிலையம் கிடையாது. தாம்பரம் ஒரு பக்கம்; சிட்லபாக்கம் வழியாகப் போனால் சானடோரியம், குரோம்பேட்டை. எதற்குப் போனாலும் நாலைந்து கிலோமீட்டர். தாம்பரத்தில் புறப்படும்போதே நிரம்பிய பேருந்து, சேலையூரிலும் கேம்ப் ரோட்டிலும் ராஜகீழ்ப்பாக்கத்திலும் ஆளை அடைத்துக்கொண்டு இங்கே வரும்போது படியில் கால் வைக்க இடமிருக்காது. நிறுத்தத்தைத் தாண்டிப் போய் நிற்கும். டிபன் பையைத் தோளில் மாட்டிய பெண் பின்னாலேயே ஓடுகிறார். அவர் கம்பியைத் தொடுவதற்குள் விசில் கேட்கிறது. ஷேர் ஆட்டோ ஒன்று வருகிறது. டிரைவருக்குப் பக்கத்தில், பாதி உடம்பு வெளியே தெரிய, மேடவாக்கம் போகிறார். நாலு மாதம் இப்படிப் போனவர் ஐந்தாவது மாதம் தவணையில் ஸ்கூட்டி வாங்கினால், அவரைப் பார்த்தா பொறுப்பில்லாதவர் என்கிறீர்கள்?

2021 மே முதல் சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. அருமையான திட்டம், மனமாரச் சொல்கிறேன். ஆனால் ஏற முடியாத பேருந்தில் இலவசம் என்ன, கட்டணம் என்ன? 2011 கணக்கெடுப்பிலேயே சென்னைப் பெருநகரில் 86 லட்சம் பேர். ஓடுகிற மாநகரப் பேருந்துகளோ மூவாயிரத்துச் சொச்சம். இத்தனைக்கும் அந்தக் கணக்கெடுப்புக்குப் பிறகுதான் ராஜகீழ்ப்பாக்கத்திலிருந்து மேடவாக்கம் வரை வயல் இருந்த இடமெல்லாம் அடுக்குமாடி ஆனது.

நடந்து போகச் சொல்வதும் இதே கதைதான். சென்னை மாநகராட்சி 2014இல் நடப்பவர்களுக்கும் சைக்கிளில் போகிறவர்களுக்கும் முன்னுரிமை தரும் கொள்கை ஒன்றை ஏற்றது. செம்பாக்கம் அப்போது தனி நகராட்சி, அந்த எல்லைக்கு வெளியே. 2021 நவம்பரில் தாம்பரம், பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் ஆகிய ஐந்து நகராட்சிகளையும் ஐந்து பேரூராட்சிகளையும் சேர்த்துத் தாம்பரம் மாநகராட்சி ஆக்கினார்கள். சொத்து வரி ரசீதில் பெயர் மாறியது. பள்ளிப் பிள்ளைகள் இன்றைக்கும் வடிகால் மூடியில் ஏறி, மண்ணில் இறங்கி, நிறுத்தியிருக்கும் கார்களைச் சுற்றிக்கொண்டு சாலைக்கே வந்துதான் நடக்கிறார்கள். பணம் இல்லாமல் இல்லை. மேடவாக்கத்தில் இரண்டு கிலோமீட்டருக்கும் மேல் நீளும் மேம்பாலத்தை 2022இல் திறந்தார்கள். காரில் போகிறவரின் பத்து நிமிடத்துக்கு அவ்வளவு மதிப்பு இருக்கிறது!

பெரிய திட்டங்களிலும் இதுதான் நடக்கிறது. வேளச்சேரி வரை 2007இல் வந்த பறக்கும் ரயிலைப் பரங்கிமலையோடு சேர்க்க வெறும் ஐந்து கிலோமீட்டர். 2008இல் தொடங்கிய வேலை பதினைந்து ஆண்டு கழித்தும் முடிந்திருக்கவில்லை. 2023 டிசம்பரில் வெளியூர்ப் பேருந்துகளைக் கிளாம்பாக்கம் பேருந்து நிலையத்துக்கு மாற்றியபோது பக்கத்தில் ரயில் நிலையமே இல்லை. மூட்டை முடிச்சோடு இறங்கியவர்கள் ஆட்டோவைத் தேடினார்கள். அவர்களுக்கா விழிப்புணர்வு போதவில்லை?

கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் மின்சார ரயில் 1931இலேயே ஓடத் தொடங்கியது. சுற்றுச்சூழல் தினம் என்ற ஒன்றே அப்போது இல்லை. யாரும் யாருக்கும் வகுப்பு எடுக்கவில்லை. ரயில் வந்தது, மக்கள் ஏறினார்கள். அந்தத் தடத்தில் சாதாரண டிக்கெட் இன்றும் பத்து ரூபாய்தான். தென்சென்னைப் புறநகர்க்காரன் வாழ்நாளில் மிச்சப்படுத்திய கரிமத்தில் பெரும்பகுதி அந்த ரயிலால் மிச்சமானது.

பொறுப்பான சுற்றுலா பற்றிச் சொல்வார்கள். கோடை வந்தால் ஊட்டி மலைப்பாதையில் கார்கள் நகராமல் நின்ற காட்சியை எத்தனை ஆண்டு பார்த்தோம்? எந்தப் பதாகையும் அதைக் குறைக்கவில்லை. சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால் 2024 மே 7 முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் வந்தது. அடுத்த ஆண்டுக் கோடையில் ஊட்டிக்கு வார நாளில் 6,000 வண்டி, வார இறுதியில் 8,000 என்று வரம்பும் வைத்தார்கள். அரசுப் பேருந்தில் போகிறவருக்கு இ-பாஸ் தேவையில்லை. தனி மனிதர் மாறினால்தான் அரசு மாறும் என்று வாதிடுகிறவர்கள் இதற்கு என்ன பதில் வைத்திருக்கிறார்கள்?

செம்பாக்கத்துக்காரனின் ஸ்கூட்டரைக் கணக்கெடுக்கும் இதே காலத்தில்தான், ஆண்டுக்குப் பத்துக் கோடிப் பயணிகள் என்ற இலக்கோடு பரந்தூரில் புதிய விமான நிலையத்தை அறிவித்தார்கள். அந்தத் திட்டத்தில் சிக்கிய ஏகனாபுரம் மக்கள் நிலத்தையும் ஏரியையும் காக்க 2022இல் போராடத் தொடங்கினார்கள். அவர்களை எந்தச் சுற்றுச்சூழல் தின மேடைக்கும் யாரும் அழைத்து நான் பார்த்ததில்லை.

2013இல் ரயில் நிலையங்களையும் உட்புறத் தெருக்களையும் இணைக்கச் சென்னையில் சிற்றுந்துகள் விட்டார்கள். அதே மாதிரி செம்பாக்கத்திலிருந்து சிட்லபாக்கம் வழியாகச் சானடோரியம் நிலையத்துக்குப் பத்து நிமிடத்துக்கு ஒன்று, விடியற்காலை முதல் கடைசி ரயில் வரை விடுங்கள். வேளச்சேரி சாலையின் இருபுறமும் இடைவெளி இல்லாமல் நடைபாதை போடுங்கள். அதற்குப் பிறகும் நாங்கள் பைக்கை எடுத்தால் அப்போது வந்து கேளுங்கள்.