கைதட்ட மட்டும்தானா நாம்?



2023 பிப்ரவரி 19 அன்று மாமல்லபுரத்துக்குப் பக்கத்தில் பட்டிபுலம் கிராமத்திலிருந்து ஒரு ராக்கெட் கிளம்பியது. டாக்டர் அப்துல் கலாம் பெயரைத் தாங்கிய மாணவர் திட்டம் அது. பள்ளி மாணவர்கள் கைபட்ட 150 குட்டி செயற்கைக்கோள்கள் அதில் போயின. அடுத்த வருஷம், 2024 ஆகஸ்ட் 24 அன்று, அதே கிழக்குக் கடற்கரைச் சாலையில் திருவிடந்தையிலிருந்து 'ரூமி-1' கிளம்பியது. சென்னையைச் சேர்ந்த 'ஸ்பேஸ் ஸோன் இந்தியா' கம்பெனி செய்த ராக்கெட் அது.

செம்பரம்பாக்கத்தில் விடியற்காலை வண்டியை எடுத்தால் டிபன் நேரத்துக்குள் திருவிடந்தை போய்ச் சேரலாம். இவ்வளவு பக்கத்தில் ராக்கெட் போகிறது. நாம் என்ன செய்தோம்? வீடியோ பார்த்தோம், கைதட்டினோம், அடுத்த வீடியோவுக்குப் போய்விட்டோம்!

தட்டுவது தப்பில்லை. ஆனால் கை என்பது தட்ட மட்டும்தானா? லேத்தும், பிட்டிங் ஷாப்பும், ஷீட் மெட்டல் ஷாப்பும் கூரைக்குக் கீழேயே வைத்திருக்கும் நாம், நம்ம பாலிடெக்னிக்கில் ஒரு மாடல் ராக்கெட் கிளப் தொடங்கி, வருஷா வருஷம் போட்டி நடத்த வேண்டும் என்பதே என் தாழ்மையான, ஆனால் உறுதியான கருத்து. ஏன் என்று சொல்கிறேன்.

மாடல் ராக்கெட் என்றால் தீபாவளி ராக்கெட் என்று நினைத்துவிட வேண்டாம். தீபாவளி ராக்கெட் போகும், வெடிக்கும், அத்தோடு முடிந்தது. மாடல் ராக்கெட் போன மாதிரியே பாராசூட்டில் திரும்பி வர வேண்டும். எடுத்துத் துடைத்து மறுபடியும் விட வேண்டும். அமெரிக்காவில் 1950-களிலேயே இதற்குச் சங்கமும் பாதுகாப்பு விதிகளும் வந்துவிட்டன. உடம்பு, மூக்கு, இறக்கை எல்லாம் காகிதம், மரம், பிளாஸ்டிக் மாதிரி லேசான பொருளில்தான் இருக்க வேண்டும் என்பது அவர்கள் விதி.

அங்கே 2003-இல் பள்ளி மாணவர்களுக்காக ஒரு தேசியப் போட்டி தொடங்கினார்கள். இன்றும் நடக்கிறது. ராக்கெட்டுக்குள் பச்சை முட்டையை வைத்து அனுப்ப வேண்டும். அவர்கள் சொன்ன உயரத்துக்கு, சொன்ன நேரக் கணக்குக்குள் போய் இறங்க வேண்டும். முட்டை உடையக் கூடாது. உயரத்திலும் நேரத்திலும் எவ்வளவு தப்புகிறதோ அதுதான் மார்க். அதனால் குறைந்த மார்க் வாங்குபவர்தான் ஜெயிப்பார்! நம்ம பரீட்சைக்கு நேர் தலைகீழ். அதிக உயரம் போனவனுக்குப் பரிசு இல்லை, சொன்ன இடத்துக்குச் சரியாகப் போனவனுக்குத்தான் பரிசு. ஒர்க் ஷாப்பில் 'டாலரன்ஸ்' என்று படிக்கிறோமே, அதை வானத்தில் செய்து பார்ப்பதுதான் இந்தப் போட்டி.

"இதெல்லாம் பி.இ. படிக்கிறவங்க, ஐ.ஐ.டி.காரங்க வேலைப்பா, நமக்கு எதுக்கு?" என்று கேட்கும் நண்பர்களுக்கு மூன்று சேதி சொல்கிறேன்.

முதல் சேதி, நம்ம பெங்களூர் ரோட்டில் மேற்கே போனால் வரும் காஞ்சிபுரத்தை அடுத்த புள்ளலூர். 1780 செப்டம்பர் 10 அன்று அங்கே ஹைதர் அலி, திப்பு படைக்கும் கர்னல் பெய்லியின் கும்பெனிப் படைக்கும் பெரிய சண்டை நடந்தது. மைசூர்ப் படையின் ராக்கெட்டுகள் கும்பெனிப் படையைக் கலங்கடித்தன. அந்த ராக்கெட்டில் என்ன புதுமை? இரும்புக் குழாய்! அதுவரை பல நாடுகளில் காகிதக் குழாயிலும் மூங்கிலிலும் மருந்தைக் கெட்டித்தார்கள். மைசூர்க் கொல்லர்கள் இரும்புத் தகட்டை அடித்துக் குழாயாக்கினார்கள். உள்ளே அழுத்தம் தாங்கியது, அதனால் தூரமும் கூடியது. 1799-க்குப் பிறகு அந்த ராக்கெட்டுகளை இங்கிலாந்துக்கு எடுத்துப் போய் ஆராய்ந்து பார்த்துத்தான் காங்கிரீவ் என்பவர் தன் ராக்கெட்டைச் செய்தார். அந்தக் கொல்லர்கள் யாரும் காலேஜ் வாசல் மிதித்தவர்கள் இல்லை. அமெரிக்காவில் நாசாவின் வாலப்ஸ் ஏவுதளத்தில் இந்த ராக்கெட் போர்க் காட்சியை ஓவியமாகக் கண்டு பெருமைப்பட்டதை கலாம் 'அக்னிச் சிறகுகள்' நூலில் எழுதியிருக்கிறார்.

இரண்டாவது சேதி, அமெரிக்காவில் கோல்வுட் என்ற நிலக்கரிச் சுரங்க ஊர். 1957-இல் ஸ்புட்னிக் பறந்ததைப் பார்த்துவிட்டு ஹோமர் ஹிக்கம் என்ற பையன் நண்பர்களோடு ராக்கெட் விடத் தொடங்கினான். முதல் ராக்கெட் அவன் அம்மாவின் ரோஜாத் தோட்ட வேலியைத்தான் தகர்த்தது! பிறகு அந்தப் பையன்கள் 1960-இல் தேசிய அறிவியல் கண்காட்சியில் பரிசு வாங்கினார்கள். கடைசியாக விட்ட ராக்கெட் சுமார் 9 கிலோமீட்டர் உயரம் போனது. ஹிக்கம் பின்னாளில் நாசாவில் இன்ஜினியர் ஆனார். அவர்களுக்கு நாசில் கடைந்து கொடுத்தது யார் தெரியுமா? சுரங்கத்து மிஷின் ஷாப்பில் வேலை பார்த்த தொழிலாளிகள். பையன்கள் கணக்குப் போட்டார்கள், அந்தக் கைகள் அதை உலோகத்தில் கொண்டு வந்தன.

மூன்றாவது சேதி நம்ம நாட்டில். 1963 நவம்பர் 21 அன்று தும்பாவில் பறந்த முதல் ராக்கெட் அமெரிக்கா கொடுத்தது. நாமே செய்த முதல் ராக்கெட் ஆர்.எச்-75, 1967-இல் பறந்தது. அந்த 75 என்பது என்ன? அதன் விட்டம், 75 மில்லிமீட்டர்! நம்ம லேத்தில் அதைவிடப் பெரிய ஜாப் மாட்ட முடியும். இன்றைக்கும் இஸ்ரோவில் 'டெக்னிக்கல் அசிஸ்டென்ட்' வேலைக்குக் கேட்கும் படிப்பு முதல் வகுப்பு டிப்ளமோதான். ராக்கெட்டுக்கும் நமக்கும் உள்ள உறவு புதுசாக உண்டாக்க வேண்டியதில்லை. ஏற்கனவே இருக்கிறது.

இங்கே என் மனதில் உள்ளதையும் சொல்லிவிடுகிறேன். எங்க வீட்டில் பத்தாவதைத் தாண்டிய முதல் ஆள் நான்தான். எங்கப்பா லோடுமேன். "என்னப்பா செய்யக் கத்துக்கிட்ட, காட்டு" என்று அவர் கேட்டால் காட்டுவதற்கு என்னிடம் ஒரு பொருள் இல்லை. இரண்டு வருஷமாக ஸ்டெப் டர்னிங் செய்கிறோம், வி-கட் ராவுகிறோம். மார்க் போட்டதும் எல்லாம் ஸ்கிராப் பெட்டிக்குப் போய்விடுகிறது. வேலைக்கு ஆகும் பொருள் ஒன்றை நம் கை செய்ததே கிடையாது. அளவு சரியாக இருந்தால் பறக்கும், தப்பினால் குப்புற விழும் என்ற ஒரு பொருளைச் செய்தால்தான் அளவின் அருமை தெரியும்.

வெளியில் நடக்கும் போட்டிகளுக்குப் போகலாமே என்பீர்கள். ஒரு போட்டியின் நோட்டீஸ் பார்த்தேன். நுழைவுக் கட்டணம் எங்கப்பாவின் மூணு நாள் கூலி. கீழே பொடி எழுத்தில் 'பட்டதாரி மாணவர்களுக்கு மட்டும்' என்று வேறு இருந்தது. 2025 அக்டோபரில் உத்தரப்பிரதேசத்தின் குஷிநகரில் 'இன்-ஸ்பேஸ்' அமைப்பின் துணையோடு மாணவர் மாடல் ராக்கெட் போட்டி நடந்தது. நாட்டின் பல மூலைகளிலிருந்தும் கல்லூரி அணிகள் வந்தன. அந்த மாதிரி மேடைக்கு நாமும் ஒருநாள் போக வேண்டும். ஆனால் மேடைக்கு முன்னால் ஒத்திகை வேண்டுமல்லவா? ஒத்திகை நம்ம கிரவுண்டில்தான் நடக்க வேண்டும்.

எப்படித் தொடங்குவது? முதலில் எதைத் தொடக் கூடாது என்று சொல்லிவிடுகிறேன். பட்டாசு மருந்தைக் கொட்டி, கலந்து, குழாயில் அடைக்கும் வேலை வேண்டவே வேண்டாம். வெடிபொருள் செய்வதற்கு 1884-ஆம் ஆண்டு வெடிபொருள் சட்டத்தின்படி லைசென்ஸ் வேண்டும். கை போனால் கை வராது. மீனம்பாக்கத்துக்கு இறங்கும் விமானங்கள் நம்ம பக்கம் தாழப் பறப்பதைத் தினமும் பார்க்கிறோம். ஏரியோ சென்னைக்குக் குடிதண்ணீர் கொடுப்பது. இரண்டையும் மறக்கக் கூடாது.

அதனால் தண்ணீர் ராக்கெட்! சிரிக்காதீர்கள். இரண்டு லிட்டர் கலர் பாட்டில், அதில் மூன்றில் ஒரு பங்கு தண்ணீர், மீதிக்கு சைக்கிள் பம்பில் காற்று. திறந்துவிட்டால் காற்று தண்ணீரைக் கீழே தள்ளும், தண்ணீர் பாட்டிலை மேலே தள்ளும். நியூட்டனின் மூன்றாம் விதி, வேறொன்றுமில்லை. தண்ணீர் இல்லாமல் காற்று மட்டும் அடைத்துப் பாருங்கள், கொஞ்சம் துள்ளி விழுந்துவிடும். கழுத்து வரை தண்ணீர் நிரப்பினாலும் தள்ளுவதற்குக் காற்று இல்லாமல் சொதப்பும். நடுவில் எங்கே சரியான அளவு என்று தேடுவதே முதல் ஆராய்ச்சி.

இதில் எல்லா பிராஞ்சுக்கும் வேலை உண்டு. மெக்கானிக்கல்காரர்கள் நைலான் ராடில் நாசில் கடையலாம், ஏவு மேடையை வெல்ட் பண்ணலாம். சிவில்காரர்கள் சர்வே பிராக்டிகலில் தூக்கும் தியோடலைட்டை வைத்து உயரம் அளக்கலாம். 50 மீட்டர் தள்ளி நின்று பார்க்கும்போது கோணம் 35 டிகிரி என்றால், டேன் 35 என்பது 0.70, ஆக உயரம் 35 மீட்டர். அதோடு கருவியின் உயரத்தைக் கூட்டிக் கொள்ள வேண்டும். டிரிக்னாமெட்ரி எதுக்கு என்று முதல் வருஷம் முணுமுணுத்தோமே, இதுக்குத்தான்! எலெக்ட்ரானிக்ஸ்காரர்கள் காற்றழுத்த சென்சார் ஒன்றை மூக்குக்குள் வைக்கலாம். தரையிலிருந்து ஒரு மீட்டர் ஏறினால் அழுத்தம் சுமார் 12 பாஸ்கல் குறையும். கம்ப்யூட்டர்காரர்கள் அதை கிராஃபாகப் போட்டு, தியோடலைட் சொன்ன உயரத்தோடு ஒப்பிடலாம். இரண்டும் ஒத்துப் போகாவிட்டால் யார் கணக்கு தப்பு என்று சண்டை போடலாம். நல்ல சண்டை அது.

"அரியர் கிடக்குது, இதுல ராக்கெட் வேறயா?" என்ற கேள்வி வரும். வாரத்தில் ஒரு மாலை, இரண்டு மணி நேரம். அதைவிட அதிகம் டீக்கடையில் போகிறது. செலவு? பாட்டில் காயலான் கடையில் கிடைக்கும். பம்பு யார் வீட்டிலும் இருக்கும். பழைய சைக்கிள் டியூபிலிருந்து வால்வு வெட்டிக் கொள்ளலாம்.

"விட்டு, விழுந்துட்டா மானம் போகும்" என்றும் சிலர் சொல்வார்கள். நாடெங்கும் 75 அரசுப் பள்ளிகளின் 750 மாணவிகள் சேர்ந்து 'ஆசாதிசாட்' என்ற செயற்கைக்கோள் செய்தார்கள். 2022 ஆகஸ்ட் 7 அன்று அதைச் சுமந்த எஸ்.எஸ்.எல்.வி. ராக்கெட் சரியான பாதையில் விடாததால் அது வீணாகிப் போனது. அதோடு விட்டார்களா? 2023 பிப்ரவரி 10 அன்று 'ஆசாதிசாட்-2' சுற்றுப்பாதைக்குப் போனது. ஆறே மாதம்! நம்ம பாட்டில் விழுந்தால் மறுபடி பம்பு அடிக்க ஆறு நிமிஷம் போதும். அந்த 750 பேரும் பெண்கள் என்பதை நம்ம கிளப்பில் பெயர் எழுதும்போதும் ஞாபகம் வைப்போம்.

கரூர் மாவட்டம் பள்ளப்பட்டியைச் சேர்ந்த ரிஃபாத் ஷாரூக்கும் போட்டி வழியாக வந்தவர்தான். நாலு சென்டிமீட்டர் சதுரப் பெட்டிக்குள் அடங்க வேண்டும், 64 கிராமுக்கு மேல் போகக் கூடாது என்பது போட்டி விதி. அவர் குழு செய்த 'கலாம்சாட்' 2017 ஜூன் 22 அன்று நாசா ராக்கெட்டில் பறந்தது. எங்கிருந்து? கலாம் அந்த ஓவியத்தைப் பார்த்த அதே வாலப்ஸிலிருந்து. அப்போது அவருக்கு வயது 18, என் வயது. விதி இறுக்கமாக இருந்ததால்தான் மூளை வேலை செய்தது.

எனவே மாணவர் சங்கத்தின் முன் என் கோரிக்கைகள்:

1. வரும் கல்வியாண்டிலேயே மாடல் ராக்கெட் கிளப் தொடங்க வேண்டும். நுழைவுக் கட்டணம் கூடாது.

2. ஒவ்வோர் அணியிலும் குறைந்தது மூன்று பிராஞ்ச் மாணவர்கள் இருக்க வேண்டும்.

3. பரிசு உயரத்துக்கு இல்லை. 30 மீட்டர் என்று சொன்னால் 30-க்கு மிக அருகில் போய், முட்டை உடையாமல் இறங்கி, அரை மணிக்குள் மறுபடி பறந்தால் பரிசு.

4. பாதுகாப்பில் சமரசம் கூடாது. கீறல் விழாத கலர் பாட்டில் மட்டும், மெல்லிசான தண்ணீர் பாட்டில் கூடாது. பம்பில் அழுத்த மீட்டர் இருக்க வேண்டும், 60 பி.எஸ்.ஐ.க்கு மேல் ஏற்றக் கூடாது. தள்ளி நின்று கயிறு இழுத்துத்தான் விட வேண்டும். அடைத்த பாட்டில் மேல் யாரும் குனியக் கூடாது.

5. போட்டி நாளன்று பெற்றோரை அழைக்க வேண்டும்.

ஐந்தாவது கோரிக்கையைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். நம்மில் பலருடைய அப்பா அம்மா இந்த கேட்டுக்குள் வந்தது அட்மிஷன் அன்றைக்கு மட்டும்தான், அதுவும் பணம் கட்ட. அவர்கள் இன்னொரு முறை வரட்டும். பிள்ளை கடைந்த நாசிலைக் கையில் வாங்கிப் பார்க்கட்டும். அன்றைக்கு அவர்கள் கைதட்டட்டும், நாம் பம்பு அடிப்போம்!

இப்படிக்கு,
இரண்டாம் ஆண்டு மாணவன்,
இயந்திரவியல் பட்டயப் படிப்பு,
செம்பரம்பாக்கம்