பெட்டிக்குள் உறங்கும் வண்ணங்கள்

ஏட்டுச் சுவடிகளைக் கரையானுக்குக் கொடுத்துவிட்டுப் பின்னர் வருந்தியவர்கள் நாம். அதே தவற்றை இன்று ஸ்லைடுகளுக்கும் செய்துகொண்டிருக்கிறோம் என்பதே என் கவலை.

என் பாட்டனார் பள்ளி ஆசிரியர். 1970களில் விடுமுறைதோறும் கேமராவுடன் தாராசுரம், திருப்புள்ளமங்கை, திருவையாறு என்று கோயில் கோயிலாகச் சென்றவர். இரவில் திண்ணைச் சுவரில் வெள்ளை வேட்டியைக் கட்டி ஊராருக்குப் படம் காட்டுவாராம். சென்ற ஐப்பசி மழைக்குப் பின் அவருடைய பிஸ்கட் டின்னைத் திறந்தேன். பாதிப் படங்களில் பூஞ்சணம். சில செக்கச் சிவந்திருந்தன.

எஞ்சியவற்றை நகரில் ஒரு கடையில் கொடுத்தேன். வந்தவை கரிய சதுரங்கள்! ஒன்றில் மட்டும் கல்வெட்டு தெரிந்தது. அதுவும் கண்ணாடியில் பார்ப்பதுபோல் எழுத்துகள் இடவலம் மாறியிருந்தன.

குறை ஸ்லைடில் இல்லை. காகிதத்தை ஸ்கேன் செய்யும் கருவி அதன்மேல் பட்டுத் திரும்பும் ஒளியைப் படிக்கிறது. ஸ்லைடுக்கோ ஒளி ஊடுருவிச் செல்ல வேண்டும். ஃபிலிம் ஸ்கேனர் இல்லையா? சீரான வெள்ளொளிப் பலகை, மேக்ரோ லென்ஸ் பொருத்திய டிஜிட்டல் கேமரா, அசையாத ஸ்டாண்டு ஆகியவை போதும். முதலில் ஊதுபந்தால் தூசியைப் போக்குக; தண்ணீர் தொடவே கூடாது. மங்கலான பக்கம் எது, பளபளப்பான பக்கம் எது என்று பார்த்து வைத்தால் எழுத்து இடம் மாறாது. 36×24 மில்லிமீட்டர் படத்தை அங்குலத்துக்கு 4000 புள்ளி வீதம் ஸ்கேன் செய்தால், 18×12 அங்குலத்தில் தெளிவான பிரிண்டு கிடைக்கும். இருண்ட படத்தைக் கூடுதல் ஒளியில் மீண்டும் ஒருமுறை எடுத்துப் பாருங்கள். கருமைக்குள் தூணும் சிற்பமும் தெரியும். பெரிய கோயிலில் நாயக்கர் ஓவியத்துக்கு அடியில் மறைந்திருந்த சோழர் ஓவியம், 1931இல் எஸ். கே. கோவிந்தசாமியின் கண்ணில் படவில்லையா? அதுபோலத்தான்.

"எல்லாப் படமும் இணையத்தில் இருக்கிறதே, இது எதற்கு?" என்று நண்பர்கள் கேட்கின்றனர். இன்றைய கோயில் இருக்கிறது, ஐயமில்லை. ஆனால் திருப்பணியின்போது மணல் வீச்சில் தேய்ந்துபோன கல்லெழுத்து, தேய்வதற்கு முன் எடுத்த படத்தில் அல்லவா உயிரோடிருக்கிறது! புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் தென்னிந்தியக் கோயில்களின் நிழற்படங்களை லட்சத்துக்கும் மேலாகத் தொகுத்துக் கணினியிலும் ஏற்றியுள்ளது. அவர்களுக்கு இருக்கும் அக்கறை, கோயிலின் நிழலிலேயே வாழும் நமக்கு வேண்டாமா?

பழைய கல்லூரிகளில் வரலாறு, தாவரவியல் துறைகளின் அலமாரிகளைத் திறந்து பாருங்கள். புரொஜெக்டர் ஓய்வு பெற்றபின் யாரும் தொடாத ஸ்லைடுப் பெட்டிகள் கிடைக்கலாம். அவற்றை ஸ்டாக் பதிவேட்டில் கழித்துவிட வேண்டாம் என்று ஆசிரியப் பெருமக்களைப் பணிவுடன் வேண்டுகிறேன். நாட்டுநலப்பணித் திட்ட மாணவர் பத்துப் பேர் ஒரு கோடை விடுமுறையில் முடித்துவிடக்கூடிய பணி இது. அட்டைச் சட்டத்தில் எழுதியிருக்கும் ஊரும் நாளும் விடாமல் பதிவாகட்டும். ஸ்கேன் முடிந்ததும் மூலத்தை எறிந்துவிடாமல், சிலிக்கா ஜெல்லுடன் ஈரமில்லா இடத்தில் வையுங்கள். நாளை இதைவிட நல்ல கருவி வரும். எறிந்த ஸ்லைடு வராது.

பாட்டனார் டின்னில் தப்பியவை எண்பத்தேழு. ஒவ்வொரு மழைக்காலமும் அந்த எண்ணிக்கையைக் குறைக்கும். அடுத்த ஐப்பசிக்குள் நம் வீட்டுப் பரண்களை இறக்குவோம், வாருங்கள்!