பழைய காரும் பெரிய சுத்தியலும்

என்ஜின் கெட்டுப்போனால் கார் நின்றுவிடும். இறங்கித் தள்ளலாம். விளக்கு எரியாவிட்டால் ஓரமாக நிறுத்தி, பொழுது விடியும்வரை காத்திருக்கலாம். ஆனால், ஓடிக்கொண்டிருக்கும்போதே ஸ்டீயரிங் இணைப்பு கழன்றுவிட்டால்?

டிரைவர் இடப்பக்கம் திருப்புவார். சக்கரமோ தன் இஷ்டத்துக்குப் போகும். உள்ளே இருப்பவர்கள் பெண்டு பிள்ளைகளோடு கல்யாணத்துக்குப் புறப்பட்டவர்களாக இருப்பார்கள்.

இவ்வளவு பெரிய பொறுப்பைச் சுமப்பது ஒரு சிறிய பொருள். உள்ளங்கையில் அடங்கிவிடும். பட்டறைகளில் அதை 'டை ராடு எண்டு' என்பார்கள். 'பால் ஜாயிண்ட்' என்று சொல்வாரும் உண்டு.

அம்பாசடர் காரை அறியாதவர் இல்லை. இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்போர்டு காரை ஒட்டி, வங்காளத்தில் உத்தர்பாராவில் செய்யப்பட்ட கார் அது. 2014-ல் அதன் உற்பத்தி நின்றுவிட்டது. ஆனாலும் ஆசையோடு வைத்துக் காப்பாற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். இத்தகைய பழைய கார்களைப் பழுது பார்க்கும்போது மெக்கானிக்கின் பொறுமையைச் சோதிப்பது இந்தச் சிறு மூட்டுதான். சிக்கிக்கொண்டால் லேசில் வராது.

அப்போது நடப்பது என்ன? பெரிய சுத்தியலைத் தேடுகிறார்கள். அதுதான் தவறு!

தோள் மூட்டு போல

நம் தோளில் எலும்பின் உருண்டை ஒரு குழிக்குள் சுழல்கிறது அல்லவா? இதுவும் அப்படித்தான். இரும்புக் கிண்ணத்துக்குள் ஓர் உருண்டை. சுற்றிலும் கிரீஸ். மண்ணும் தண்ணீரும் புகாமல் இருக்க ரப்பர் உறை.

உருண்டையிலிருந்து ஒரு தண்டு நீண்டிருக்கும். அது ஒரு பக்கம் தடித்து, மறுபக்கம் மெலிந்திருக்கும். சக்கரத்தைத் திருப்பும் கையில் அதற்கு ஏற்ற துளை உண்டு. தண்டைத் துளையில் செருகி, முனையில் நட்டு போட்டு முறுக்குகிறார்கள். நட்டு கழன்றுவிடாமல் இருக்க, குறுக்கே ஒரு 'ஸ்பிளிட் பின்' செருகுகிறார்கள்.

இரண்டு டம்ளர்கள்

ஒன்றுக்குள் ஒன்று செருகிய எவர்சில்வர் டம்ளர்கள் இறுகிக்கொள்வதை வீட்டில் பார்த்திருப்பீர்கள். இழுத்தால் வராது. பெண்கள் என்ன செய்கிறார்கள்? சுற்றிலும் பக்கவாட்டில் தட்டுகிறார்கள். 'டக்'கென்று கழன்றுவிடுகிறது.

ஸ்டீயரிங் மூட்டின் கதையும் இதுதான். பல ஆண்டுகள் இறுகிக் கிடந்த தண்டு. மழைத் தண்ணீர் பட்டுத் துருவும் ஏறியிருக்கும். அதைக் கழற்ற முரட்டுப் பலம் போதாது. அடி விழும் இடம் சரியாக இருக்க வேண்டும்.

மூன்று தவறுகள்

நட்டை முழுவதும் கழற்றிவிட்டு, தண்டின் முனையில் ஓங்கி அடிப்பது முதல் தவறு. மரை நசுங்கி, முனை காளான்போல் விரிந்துவிடும். பிறகு அந்த மூட்டு எதற்கும் உதவாது. பல சமயங்களில் அடி வாங்கிய பிறகும் அது வெளியே வராது.

இரட்டை நாக்குள்ள ஆப்பை இடையில் வைத்து அடிப்பது இரண்டாவது தவறு. மூட்டு வந்துவிடும், ஆனால், ரப்பர் உறை கிழிந்துவிடும். தூக்கி எறியப்போகும் மூட்டுக்கு அது சரி. திரும்பப் போட வேண்டிய மூட்டுக்குக் கூடாது.

கேஸ் நெருப்பால் சுடுவது மூன்றாவது தவறு. இதுதான் மிகவும் கொடியது. ரப்பர் எரியும். உள்ளே இருக்கும் கிரீஸ் கொதித்து முகத்தில் தெறிக்கலாம். இரும்பின் உறுதியும் குறையலாம். வெளிப்பார்வைக்கு அந்தக் குறை தெரியாது. நெடுஞ்சாலையில்தான் தெரியும்!

சரியான வழி

முன் சக்கரத்தைக் கழற்ற வேண்டும். காரை ஜாக்கியை மட்டும் நம்பி நிறுத்தக் கூடாது. உறுதியான தாங்கி வைக்க வேண்டும். பின் சக்கரங்களுக்குக் கட்டை கொடுக்க வேண்டும்.

மரையைக் கம்பிப் பிரஷ்ஷால் தேய்த்து, துரு இளக்கும் எண்ணெய் விட வேண்டும். முதல் நாள் இரவே விட்டு வைத்தால் நல்லது. பிறகு ஸ்பிளிட் பின்னை உருவி, நட்டை இரண்டு மூன்று சுற்று மட்டும் தளர்த்த வேண்டும். அது மரையைக் காக்கும். மூட்டு திடீரென்று விடுபட்டுக் கீழே விழாமலும் தடுக்கும்.

இனிதான் சுத்தியல். துளை இருக்கும் கண்ணின் ஒரு பக்கத்தில் கனமான இரும்புக் கட்டியை அணைத்துப் பிடிக்க வேண்டும். எதிர்ப் பக்கத்தில் 'நச்'சென்று இரண்டு மூன்று அடி கொடுக்க வேண்டும். அந்த அதிர்ச்சியில் துளை ஒரு கணம் நெளிந்து கொடுக்கும். தண்டு பிடியை விட்டுவிடும். திருகி இழுக்கும் 'புல்லர்' கருவி இருந்தால் இன்னும் நல்லது. எப்படிச் செய்தாலும் கண்ணாடி அணியாமல் செய்யக் கூடாது. தெறிக்கும் இரும்புத் துணுக்கு கண்ணைக் குருடாக்கிவிடும். பட்டறையில் வேலை பழகும் பையனுக்கும் கண் உண்டு.

பழைய மூட்டைக் கம்பியிலிருந்து கழற்றும்போது எத்தனை சுற்று என்று எண்ணிக்கொள்ள வேண்டும். புதியதையும் அத்தனை சுற்றே ஏற்ற வேண்டும். ஒரு பக்கத்து மரை இடப்புறமாகத் திரும்புவதாக இருக்கலாம்; அதையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

புதிய தண்டைத் துடைத்துச் சுத்தமாகச் செருக வேண்டும். பின் போடும் துளை நேராக வராவிட்டால் நட்டை இன்னும் சற்று முறுக்க வேண்டுமே தவிர, தளர்த்தக் கூடாது. பழைய பின்னைத் திரும்பப் போடவே கூடாது. கடைசியில் சக்கரங்களின் நேர்மையை, அதாவது 'வீல் அலைன்மெண்ட்'டை, சரிபார்க்க வேண்டும்.

குற்றம் யாருடையது?

"பட்டறைக்காரர்களுக்கு இதெல்லாம் தெரியாதா?" என்று கேட்கலாம். நல்ல மெக்கானிக்குகளுக்கு நன்றாகத் தெரியும். அவர்களுக்கு இல்லாதது நேரம். நேரத்தைப் பறிப்பவர் யார்? காரின் சொந்தக்காரர்!

"ஒரு மணி நேரத்தில் வேண்டும்" என்கிறார். "புதுசு எதற்கு? பழையதையே வெல்டிங் வைத்துப் போடு" என்கிறார். கூலியில் பேரம் பேசுகிறார். அப்புறம் நெருப்பும் பெரிய சுத்தியலும் வராமல் என்ன செய்யும்?

"இது பழைய கார்களின் சமாச்சாரம்தானே?" என்று ஒதுக்கிவிடவும் முடியாது. இன்றைய கார்களிலும் இதே மூட்டுதான் சக்கரத்தைத் திருப்புகிறது.

சொந்தக்காரர் செய்ய வேண்டியவை சில உண்டு. ஸ்டீயரிங் ஆட்டம் கொடுக்கிறதா? முன்பக்கம் 'டொக் டொக்' என்று சத்தம் வருகிறதா? டயர் ஓர் ஓரம் மட்டும் தேய்கிறதா? உடனே காட்ட வேண்டும். வேலை முடிந்ததும் கழற்றிய மூட்டைக் கேட்டு வாங்கிப் பார்க்க வேண்டும். "புதுப் பின் போட்டாயா தம்பி?" என்று ஒரு வார்த்தை கேட்க வேண்டும். நிதானமாக வேலை செய்ய நேரமும், அதற்கு உரிய கூலியும் கொடுக்க வேண்டும்.

ஆயுத பூஜை அன்று சுத்தியலுக்கும் ஸ்பானருக்கும் சந்தனம் வைத்துக் கும்பிடுகிறோம். கருவிக்கு உண்மையான மரியாதை, மற்ற நாட்களில் அதைச் சரியாகப் பயன்படுத்துவதுதான்.

மூட்டில் மிச்சம் பிடிக்கும் பணம் மிச்சமே அல்ல. காரில் ஏறும் அத்தனை பேரின் உயிரும் அந்தச் சிறு நட்டில்தான் இருக்கிறது.